உட்கார்ந்தபடியே ஏற்காட்டில் நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏற்காடு ஏரியைச் சுற்றியுள்ள சாலையையும், ஒரு காப்பித் தோட்டத்துப் பாதையையும் விஆர் ஹெட்செட்டுக்குள், அதாவது கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் திரைக்குள், கொண்டுவந்திருக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடந்து பார்க்கலாம். முழங்கால் தேய்ந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், மலைக்குப் போகவே முடியாதவர்கள், இவர்களை நினைத்துத்தான் ஆரம்பித்தோம். பிறகு கல்லூரிப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான், அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

உட்கார்ந்துக்கிட்டே நடக்கிற மாதிரி இருக்கும்னு சொல்றீங்க, அது வெறும் வீடியோதானேங்க?

சேலம் ஜங்ஷனில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்துத் தண்டவாளத்து ரயில் மெதுவாகக் கிளம்புகிறது. ஒரு கணம் நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று தோன்றும். பிளாட்பாரப் பக்கம் திரும்பிப் பார்த்தால்தான் தெளியும். இந்த உணர்வுக்கு வெக்‌ஷன் என்று பெயர். ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1875-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார், ஆகவே இது ஹெட்செட் கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை.

கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஒரே சீராக நகர்ந்தால், உலகமே நகர்கிறது என்று மூளை எடுத்துக்கொள்வதில்லை, நாம்தான் நகர்கிறோம் என்று முடிவு கட்டிவிடுகிறது. நேராகப் பார்க்கும் இடத்தை விட, ஓரக்கண்ணில் நகர்வது இதற்கு நன்றாக உதவும். போன் திரையில் அதே வீடியோவைப் பார்த்தால் ஒன்றும் ஆகாததற்கும், ஹெட்செட்டில் பார்த்தால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம்.

போட்டுப் பாத்தேன். நகர்ற மாதிரி இருக்கு, ஆனா நடக்கிற மாதிரி இல்ல. ஏதோ தள்ளுவண்டியில வச்சுத் தள்ளுற மாதிரில்ல இருக்கு?

சரியாகச் சொன்னீர்கள். ஹெட்செட்டை மட்டும் மாட்டினால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். கண் கொடுப்பது நகர்வு மட்டும். நடை என்பது வேறு நிறைய விஷயங்கள் சேர்ந்தது. குதிகால் தரையில் படுவது, அப்புறம் எடை முன்பாதத்துக்கு மாறுவது, ஒவ்வொரு அடிக்கும் தலை நான்கைந்து சென்டிமீட்டர் எழுந்து தாழ்வது, செருப்புச் சத்தம், தொடையிலும் கெண்டைக்காலிலும் தசை இழுபடுவது. இதற்கெல்லாம் முன்னால் 'காலைத் தூக்கு' என்று மூளை போடும் கட்டளை ஒன்று இருக்கிறது. தான் போட்ட கட்டளைக்கு என்ன விளைவு வர வேண்டும் என்று மூளை முன்கூட்டியே எதிர்பார்க்கும், வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

உட்கார்ந்திருப்பவரிடம் இதில் பாதி கிடையாது. எல்லாவற்றையும் போலியாக உண்டாக்கவும் முடியாது. ஆனால் எல்லாம் தேவையும் இல்லை, அடி வைக்கும் தாளம் மட்டும் கண்ணுக்கும் காதுக்கும் உள்ளங்காலுக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தால் மீதியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. எனவே காசு இருந்தால் படத்தின் தெளிவுக்குக் கொட்டாதீர்கள், காலடிக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் கட்சி. இன்னும் பளிச்சென்ற படம் இருந்தால் தள்ளுவண்டியின் ஜன்னல் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

காலுக்கு அடியில ஏதோ வைக்கிறீங்களே, அது ஷாக் அடிக்குமா?

அடிக்காது. அது அதிர்வு தரும் சின்னப் பலகை. ஒவ்வொரு பாதத்துக்கும் குதிகால் பக்கம் ஒன்று, முன்பாதத்துப் பக்கம் ஒன்று என்று நான்கு அதிர்வான்கள். முதலில் வலது குதிகாலில் ஒரு 'தட்', உடனே வலது முன்பாதத்தில், பிறகு இடது. தரை மாறினால் அதிர்வும் மாறும். ஏரிக்கரைத் தார்ச்சாலைக்குச் சுருக்கமான தட்டல், காப்பித் தோட்டத்துச் சருகுப் பாதைக்குக் கொஞ்சம் நொறுநொறுப்பு.

இதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானில் டொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்சிதெரு கிதாசாகியும் அவருடைய குழுவினரும் உட்கார்ந்திருப்பவர்களை வைத்தே இதைச் சோதித்து 2019-இல் கட்டுரை வெளியிட்டார்கள். முன்பே பதிவு செய்த நடைக்காட்சியோடு பாத அதிர்வு சரியான நேரத்தில் சேர்ந்தபோது நடப்பது போன்ற உணர்வு கூடியது, அதிர்வு தாறுமாறான நேரத்தில் வந்தபோது அந்த அளவுக்கு இல்லை. அதாவது சும்மா அதிர்ந்தால் போதாது, தாளம் பொருந்த வேண்டும். பிரான்சில் ரென் நகரத்து ஆய்வாளர்களும் 2012-இல், அடிக்கொரு முறை கேமராவையும் காலடியையும் அதிர வைத்துப் பார்த்துவிட்டு அதற்குக் 'கிங் காங் விளைவு' என்று பெயர் வைத்தார்கள். நம் பலகையில் அவ்வளவு பலமான அடி எல்லாம் கிடையாது.

ஒரு நடைமுறை விஷயம். போனுக்குள் இருக்கும் வகை வைப்ரேஷன் மோட்டார் சுழன்று வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், நிற்கவும் நேரம் எடுக்கும். அதனால் 'தட்' என்பதற்குப் பதில் 'ர்ர்ர்' என்று வரும். ஸ்பீக்கர் போலக் காந்தமும் காயிலும் வைத்து இயங்கும் அதிர்வான் என்றால் காலடி ஒலியையே அதற்குள் அனுப்பலாம், அடி அடியாகவே கேட்கும்.

நிஜமா நடக்கும்போது தலை ஆடுதுன்னு சொன்னீங்க. அப்ப படத்துலயும் அதே அளவுக்கு ஆட்டிட வேண்டியதுதானே?

வேண்டாம். நடக்கும்போது தலை ஆடினாலும் உலகம் ஆடுவது போல நமக்குத் தெரிவதில்லை. உள்காது தலையின் அசைவைச் சொல்லச் சொல்ல, கண் எதிர்ப்பக்கமாகத் திரும்பிச் சரிக்கட்டிவிடுகிறது. உட்கார்ந்திருப்பவர் தலை ஆடவே இல்லை, ஆக உள்காது எதுவும் சொல்லாது, படத்தின் ஆட்டம் முழுசாகக் கண்ணில் விழும். நிஜ அளவை அப்படியே போட்டால் படகில் ஏறிய மாதிரிதான் இருக்கும்.

ஆட்டமே இல்லாமல் விட்டால் மறுபடி தள்ளுவண்டி. அதனால் மிகக் குறைவாக வைத்திருக்கிறோம், மேலும் கீழும் மட்டும், பக்கவாட்டில் இல்லை. படம் தாழும் கணமும் குதிகால் அதிர்வும் ஒன்றாக விழும்படி பார்த்துக்கொள்கிறோம். பிடிக்காதவர்களுக்கு அதை முழுவதும் நிறுத்திவிடும் பொத்தானும் உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள்.

எனக்கு ஏற்காடு பஸ்ல ஏறினாலே குமட்டும். இதுல உட்காரலாமா தம்பி?

உட்காரலாம் அம்மா, ஆனால் முதல் தடவை இரண்டு மூன்று நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, உள்காது 'திரும்புகிறோம், சாய்கிறோம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், உங்கள் கண்ணோ முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு 'அசையவே இல்லை' என்று சொல்லும். ஹெட்செட்டில் தலைகீழ். கண் 'போகிறோம்' என்கிறது, காது 'உட்கார்ந்துதானே இருக்கிறோம்' என்கிறது. புலன்கள் இப்படி முரண்படுவதால்தான் குமட்டுகிறது என்று ரீசன், பிராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975-இல் எழுதிய விளக்கத்தைத்தான் இன்றும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். பஸ்ஸில் குமட்டுகிறவர்களுக்கு இதிலும் வர வாய்ப்பு அதிகம், கட்டாயம் வரும் என்று இல்லை.

அதே வளைவுகளில் டிரைவருக்குக் குமட்டுவதில்லை, கவனித்திருப்பீர்கள். அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அதனால்தான் ஹெட்செட்டிலும் நடப்பதும் நிற்பதும், கையில் பிடித்துத் தள்ளும் ஒரு சின்ன ஸ்டிக் மூலம், உங்கள் வசமே இருக்கும்படி வைத்திருக்கிறோம். வேகமாகப் போகும்போதும் திரும்பும்போதும் படத்தின் ஓரங்கள் தானாக இருட்டிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டஸும் ஃபைனரும் 2016-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஓரக்கண் நகர்வுதான் வெக்‌ஷனுக்குப் பலம் என்று முதல் கேள்வியில் சொன்னேனே, அதைக் கொஞ்சம் மூடினால் குமட்டலும் குறையும், நகரும் உணர்வும் கொஞ்சம் குறையும். இரண்டும் ஒன்றாகத்தான் வரும், தப்பிக்க வழி இல்லை.

வாயில் எச்சில் ஊறுவது, நெற்றி வியர்ப்பது, கொட்டாவி, இதில் எது வந்தாலும் உடனே கழற்றிவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் பார்த்துவிடுகிறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள்தான் அரைநாள் படுத்துவிடுகிறார்கள். அப்புறம், வயிறு முட்டத் தட்டுவடை செட்டு சாப்பிட்டுவிட்டு நேராக இங்கே வராதீர்கள்.

ஸ்டிக்கைத் தள்ளினதும் டக்குன்னு கிளம்புது. மெதுவா வேகம் எடுத்தா நல்லா இருக்காதா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. உள்காதில் நேர்கோட்டு அசைவை உணரும் இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றன. அவை வேகத்தை உணர்வதில்லை, வேகம் மாறுவதைத்தான் உணர்கின்றன. சீரான வேகத்தில் போகும்போது அவை எப்படியும் சும்மாதான் இருக்கும், அதனால் அங்கே கண்ணோடு சண்டை இல்லை. நீங்கள் மெதுவாக வேகம் ஏற்றினால் அவ்வளவு நேரமும் 'மாறுகிறது' என்று கண் சொல்லும், 'இல்லையே' என்று காது சொல்லும். சண்டையை ஒரு நொடிக்குள் முடித்துவிடுவது மேல்.

போகும் வேகம் மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம், நொடிக்கு 1.4 மீட்டருக்குள்தான். வேகம் கூட்டச் சொல்லிச் சில பிள்ளைகள் கேட்கிறார்கள். கூட்டினால் காலடித் தாளமும் கூட வேண்டும், அப்போது அது ஓட்டம், ஏரியைப் பார்க்க வந்தவர்களுக்கு அது வேண்டாம்.

நான் அம்மாபேட்டையில தறி போடுறவன். குழித்தறியில காலால மிதிக்கிறேன்ல, அந்த மாதிரி நானே மிதிச்சுக்கிட்டே போக முடியாதா?

முடியும், முடிந்தவர்களுக்கு அதுதான் நல்லதும் கூட. நீங்களே காலை அசைத்தால், மூளை போடும் கட்டளை என்று மேலே சொன்ன அந்தப் பகுதியும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஸ்லேட்டர், ஊசோ, ஸ்டீட் என்ற மூவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்தால் காட்சி முன்னே போகும்படி செய்திருந்தார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கென்றே 2018-இல் சைபர்ஷூஸ் என்று ஒன்று வந்தது. காலில் கட்டிக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து தரையில் தேய்த்தால் முன்னே போகும். எங்களிடம் இருப்பது அதைவிட எளிது, கணுக்காலில் கட்டும் ஒரு அசைவு சென்சார். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் நடக்க ஆரம்பித்ததை மெஷின் தெரிந்துகொள்ள முதல் அடியைப் பார்க்க வேண்டும். நிறுத்தியதைத் தெரிந்துகொள்ள, அடுத்த அடி வரவில்லையே என்று காத்திருக்க வேண்டும். அதனால் கிளம்பும்போது சற்றுத் தாமதம், நிற்கும்போது கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும். நடுவே சீராகப் போகிறவரை தெரியாது. நின்று நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், அவர்களுக்கு ஸ்டிக்தான் சரி.

திரும்பணும்னா உடம்போட திரும்பணுமா?

சுழல் நாற்காலியில் உட்கார முடிந்தவர்கள் உடம்போடு திரும்புவதே நல்லது, திரும்புவதைச் சொல்லும் உள்காதின் அரைவட்டக் குழல்களும் அப்போது கண்ணோடு ஒத்துப்போகும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு 30 பாகை படிகளாகப் படம் சட்டென்று மாறும் ஏற்பாடு. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் குமட்டல் குறையும். காலில் பலகையை வைத்துக்கொண்டு நாற்காலியைச் சுழற்றாதீர்கள், ஒயர் சுற்றிக்கொள்ளும்.

உட்கார்ந்தா ஏன் குள்ளமாயிட்ட மாதிரி இருக்கு?

உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஹெட்செட் அதையே எடுத்துக்கொண்டால் காப்பிச் செடியெல்லாம் மரம் மாதிரி ஓங்கி நிற்கும், சாலை முகத்துக்கு அருகில் வந்துவிடும். நிற்கும் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் சரியாகும்.

ஆனால் எல்லாருக்கும் தானாக ஏற்றிவிடுவதில்லை, கேட்டுவிட்டுத்தான் செய்கிறோம். பல வருடமாகச் சக்கர நாற்காலியிலேயே இருக்கும் சிலருக்கு நிற்கும் உயரம் பயமாக இருக்கிறது, தங்கள் உயரத்திலேயே பார்க்கத்தான் விருப்பம். இன்னும் சிலர் அந்த உயரத்துக்காகவே மறுபடி வருகிறார்கள். இதில் எது நல்லது என்று முடிவு செய்ய நாம் யார்.

சேர்வராயன் கோவில் ஏத்தம் மாதிரி மேடு ஏற வைக்க முடியுமா? கிளியூர் அருவிக்கு இறங்குற மாதிரி?

அரைகுறையாகத்தான் முடியும். மேட்டுக்கு அடியைச் சுருக்கலாம், தாளத்தை மெதுவாக்கலாம், குதிகால் அதிர்வைக் குறைத்து முன்பாதத்தில் கூட்டலாம், பலகையையே சில பாகை சாய்த்து வைக்கலாம். காட்சியில் அடிவானம் மறைந்து சாலை எழும்பித் தெரியும். இதெல்லாம் சேர்ந்து 'மேடு' என்று சொல்லும். மூச்சு வாங்குவதும் கெண்டைக்கால் கடுப்பதும் எங்கிருந்து வரும்? அவை இல்லாத ஏற்றம் யாரோ இழுத்துக்கொண்டு போவது போலவே இருக்கிறது.

இறக்கம் இன்னும் மோசம், கண் கீழே விழுவதாகச் சொல்லும்போது உடம்பு நாற்காலியை இறுக்கப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஏரிச்சாலை, தோட்டத்துப் பாதை என்று ஏறக்குறையச் சமமான இடமாக எடுத்தோம். 1,600 மீட்டர் உயரத்துக் கோவிலை உச்சியில் நின்று சுற்றிப் பார்க்கும் காட்சியாக மட்டும் வைத்திருக்கிறோம், ஏறிப்போகும் வழியாக இல்லை.

இந்தக் காட்சியை எப்படி எடுத்தீங்க, 360 வீடியோவா? புளூடூத் ஹெட்போன் போட்டுக் கேக்கலாமா?

ஏரிச்சாலை 360 வீடியோ, அதாவது சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பதிவானது. தோட்டப் பாதை கணினியில் கட்டியது. வீடியோவில் தலையைத் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் எட்டிக் குனிந்து பார்த்தால் உலகமும் கூடவே குனியும். கணினியில் கட்டியதில் அந்தத் தொல்லை இல்லை, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வீடியோ எடுக்கும்போது கேமரா தூக்கி நடந்தவரின் இடுப்பில் ஒரு போனையும் கட்டிவிட்டோம். அவர் ஒவ்வொரு அடி வைத்த நேரமும் அதில் பதிவாகிவிட்டது, அதே நேரங்களில்தான் பலகை தட்டுகிறது. கோடை விழா சமயத்தில் மட்டும் எடுக்கப் போகாதீர்கள், கூட்டத்தில் நின்று நின்றுதான் நடக்க வேண்டியிருக்கும்.

புளூடூத் வேண்டாம். பெரும்பாலான புளூடூத் ஹெட்போனில் சத்தம் காதால் உணரும் அளவுக்குப் பிந்தி வரும். கால் தட்டி முடித்தபின் செருப்புச் சத்தம் வந்தால் பின்னால் வேறு யாரோ நடந்து வருவது போலவே இருக்கும், ஒரு பாட்டி திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒயர் ஹெட்போன்தான். படத்துக்கு இதைவிடக் கறார். தலையைத் திருப்பினால் 20 மில்லிநொடிக்குள் படம் திரும்பியாக வேண்டும் என்பார்கள், அட்டைப்பெட்டிக்குள் பழைய போனைச் செருகிப் பார்க்கும்போது தலைசுற்றுவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

அப்பாவுக்குப் பக்கவாதம். இதைப் போட்டா நடை திரும்ப வருமாங்க?

அப்படி நான் சொல்லவே மாட்டேன், சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். இது ஒரு காட்சி, சிகிச்சை இல்லை. தண்டுவடக் காயம் பட்டுக் கால் இயங்காத சிலருக்கு, தாங்கள் நடப்பது போன்ற தோற்றத்தைக் காட்டியபோது நரம்பு வலி குறைந்ததாக வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி 2007-இல் எழுதினார். அது வலியைப் பற்றியது, மிகச் சிலரை வைத்துப் பார்த்தது, நடை திரும்புவதைப் பற்றியது அல்ல. அப்பாவுக்குப் பார்க்கும் டாக்டரிடமும் பிசியோதெரபி செய்பவரிடமும் கேட்டுவிட்டு, ஆசைக்காக ஏரியைப் பார்க்கக் கூட்டி வாருங்கள், தாராளமாக.

வலிப்பு வந்தவர்கள், காது சம்பந்தமான தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டர் சரி என்று சொல்லாமல் உட்கார வேண்டாம். ஹெட்செட் அரைக்கிலோ கனம், கழுத்து எலும்பு தேய்ந்தவர்களுக்கு அதுவே பாரம்.

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை, உள்ளங்கால்ல உணர்ச்சியே இல்ல. அவங்களுக்குப் பலகை எதுக்கு?

கால் மரத்திருந்தால் அதிர்வு போய்ச் சேராது, உண்மைதான். அவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டி, அதிர்வானை நாற்காலியின் இருக்கைக்கு அடியிலோ கைப்பிடியிலோ மாற்றிவிடுகிறோம். உள்ளங்கால் அளவுக்கு வராது, தாளம் மட்டும் கிடைக்கும். உணர்ச்சி இல்லாத காலில் எதையும் இறுக்கிக் கட்ட மாட்டோம், நீங்களும் வீட்டில் செய்தால் கட்டாதீர்கள், தோல் உரசினால் அவர்களுக்கே தெரியாது.

காதுக்குப் பின்னாடி லேசா கரண்ட் கொடுத்தா நிஜமாவே ஆடுற மாதிரி இருக்குமாமே, அதைச் சேர்க்கலாமாண்ணா?

இன்ஜினியரிங் பையன்கள் தவறாமல் கேட்பது. இருக்கிறது. காதுக்குப் பின்புற எலும்பின் மேல் மின்முனை ஒட்டி மிகச் சிறிய மின்னோட்டம் விட்டால் உள்காது நரம்பு தூண்டப்பட்டு, ஒரு பக்கம் சாய்வது போலத் தோன்றும். ஆய்வகத்தில், தெரிந்தவர்கள் மேற்பார்வையில் செய்கிற காரியம். அது தருவதும் முக்கியமாகச் சாய்வுதான், நடை இல்லை. பேட்டரியும் ஒயரும் வைத்து ஹாஸ்டல் ரூமில் முயற்சி செய்யாதே தம்பி.

வீட்டுலயே செஞ்சுக்க என்ன வேணும்?

தனியாக இயங்கும் ஹெட்செட் ஒன்று, அதுதான் பெரிய செலவு. மற்றதெல்லாம் சில்லறை: நான்கு அதிர்வான், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், அதிர்வான்களை இயக்க ஆர்டுயினோ போன்ற ஒரு சின்னக் கணினி போர்டு, ஒரு ரப்பர் விரிப்பு, தடிமனான பிளைவுட் துண்டு. இரண்டு பாதத்துக்கும் தனித்தனிப் பலகையாக வெட்டுங்கள். ஒரே பலகை என்றால் வலது தட்டல் இடது காலிலும் தெரியும், தாளம் குழம்பிவிடும். பலகைக்கும் தரைக்கும் நடுவில் ரப்பர் போடவில்லை என்றால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார்.

பத்து வயசுப் பையன், போடலாமா?

ஹெட்செட் தயாரிக்கும் மெட்டா நிறுவனம் குறைந்தபட்சம் 13 வயது என்று வைத்திருந்ததை 2023-இல், பெற்றோர் மேற்பார்வையோடு 10 வயது என்று குறைத்தது. அதற்குக் கீழே வேண்டாம். பத்து வயதுக்கும் கொஞ்ச நேரம் போதும்.

கழட்டினதும் தரை நகர்ற மாதிரியே இருக்கு, எப்பச் சரியாகும்?

பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் போய்விடும், சிலருக்கு இன்னும் நேரம் பிடிக்கும். எழுந்திருக்காமல், தூரத்தில் நகராமல் இருக்கும் ஒரு பொருளைப் பார்த்தபடி உட்காருங்கள். கண்ணை மூடினால் சிலருக்கு இன்னும் சுற்றும், அப்படியென்றால் திறந்தே வையுங்கள். தலை தெளியும்வரை பைக்கை எடுக்க விடுவதில்லை, குறிப்பாக ஏற்காடு சாலையில் கோரிமேட்டுப் பக்கம் போகிறவர்களை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு டீ வாங்கித் தருகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.